வலி வரும் முன்னே

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 30 வயது தாண்டிய பெண்களுக்கு வியாழக்கிழமை காலையில் இலவசப் பரிசோதனை வைத்தோம். பிபி, சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய், எல்லாம் ஒரே நாளில். மூன்று வாரமும் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஜனங்களுக்கு உடம்பு மேல அக்கறையே இல்ல" என்று நர்ஸக்காவிடம் புலம்பினேன். அவர் உள்ளூர்க்காரர். "பீடி சுத்தறத வுட்டுட்டு இங்க வந்து உக்காந்தா, அன்னிக்குக் கூலிய யாரு டாக்டர் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

உறைத்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. காய்ச்சல் என்றால் வருவார்கள். நன்றாக இருக்கிற உடம்பைக் காட்ட எதற்கு அரைநாள் கூலியை விடுவது? அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. அடுத்த வாரம் பிபி கருவியைத் தூக்கிக்கொண்டு நாங்களே தெருவுக்குப் போனோம்.

திண்ணையில் ஐந்தாறு பேர். மடியில் முறம், அதில் தூளும் வெட்டிய இலையும். ஒரு ஆயா கையை நீட்டச் சொன்னதும், சுற்றிக்கொண்டிருந்த பீடிக்கு நூல் கட்டி முடித்துவிட்டுத்தான் நீட்டினார். 180/110. "தலகூட வலிக்கல, நல்லாத்தானே கீறேன் டாக்டரம்மா" என்றார். ரத்தக் கொதிப்பின் பொல்லாத குணமே அதுதான். வலியே காட்டாமல் சிறுநீரகத்தையும் மூளையின் ரத்தக் குழாயையும் வருஷக்கணக்கில் கெடுத்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். இறங்கவில்லை. மாத்திரை தொடங்கினோம்.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குத்தான் ரொம்பப் பேச வேண்டியிருந்தது. பாதி வெட்கம், மீதி கேன்சர் என்ற சொல் தரும் பயம். நான் இப்படித்தான் சொல்வேன்: ஃபாஸ்ட்ஃபுட் கடையில் ஊற்றுகிறார்களே வினிகர், அதில் இருக்கும் அதே அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்போம். ஒரு நிமிஷம் பொறுத்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை. வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அது புற்றாக மாறப் பொதுவாகப் பல வருஷம் பிடிக்கும். அதற்குள் அந்த இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ போக்கிவிடலாம். இந்தப் புற்றால் ரத்தப்போக்கு என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த அவகாசம் தீர்ந்திருக்கும். அப்படி வந்த ஒருவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பரிசோதனைக்கு வரும் தாயிடம், 9 முதல் 14 வயதுக்குள் மகள் இருந்தால் இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸைத் தடுக்கும் ஊசி பற்றியும் சொல்லி அனுப்புகிறேன். ஊசி போட்டாலும், அவளும் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும்.

குழந்தைகளின் தடுப்பூசியில் சிக்கல் வேறு. 6 வாரத்தில் போடும் ஊசிக்கு அன்று இரவு காய்ச்சல் வரும், தொடை வீங்கும். "புள்ளைக்கு இனி ஊசியே வாணாம்" என்று மாமியார் சொல்லிவிடுவார். அப்புறம் 10, 14 வாரத்து ஊசி அம்போதான். முன்கூட்டியே, "இன்னிக்கு ராத்திரி அனலடிக்கும், இந்தச் சொட்டு மருந்தை இவ்வளவு கொடுங்க, பயப்படாதீங்க" என்று மாமியாரிடமும் சேர்த்துச் சொல்லிவிட்டால் திரும்ப வருகிறார்கள். அதே வாரங்களில் வயிற்றுப்போக்கைத் தடுக்கக் கொடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். 2016இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த மருந்து அது. அதில் நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் என்ற மருந்தைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வேலூரும் ஒன்று.

ஆண்கள்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. புகையிலை அடக்கி அடக்கி வாயில், பின்னால் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு விழுந்தவர்கள் இந்தத் தெருக்களில் நிச்சயம் இருப்பார்கள். பார்க்க ஒரு டார்ச் போதும். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் நின்றால் எல்லாரையும் பிடித்துவிடலாம் என்கிறார் நர்ஸக்கா. வருகிற திங்கட்கிழமை போகிறோம்.