கம்ப்ரசர் காற்றோடு போன கரண்ட் பில்

கோவையில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் கடையும் சிஎன்சி டர்னிங் மெஷின்கள், அதேபோல உலோகத்தைக் குடைந்து செதுக்கும் விஎம்சி மெஷின் ரெண்டு, ராத்திரி பகல் ரெண்டு ஷிஃப்ட். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியபோது யூனிட் விலையோடு நிலைக் கட்டணமும் ஏறியது. ஜாப் ரேட் மட்டும் ஏறவில்லை. கூரையில் சோலார் போட முதலாளி கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். சோலார் நல்லதுதான். ஆனால் வீணாகிற கரண்டுக்கும் சேர்த்து எதற்குப் பேனல் வாங்க வேண்டும்? "அதுக்கு முந்தி காத்தப் பாத்தரலாங்க சார்" என்றேன்.

மெஷினில் டூல் மாறவும் சுருள் ஊதவும் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றுதான் வேண்டும். பட்டறைகளில் அந்தக் காற்றுக்கு யாரும் விலை வைப்பதில்லை. ஆனால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 30 விழுக்காடுதான் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது, மீதியில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. எங்களிடம் இருப்பது 20 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர். அது ஓய்வெடுத்தே நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை எல்லாம் நிறுத்தி, காற்று வால்வுகளை மட்டும் திறந்து வைத்துக் கம்ப்ரசரை ஓட்டினேன். காற்றை யாரும் எடுக்கவில்லை என்றால் டேங்க் நிரம்பியதும் அது லோடு எடுக்கவே, அதாவது காற்றை அழுத்தவே கூடாது. எங்களுடையதோ ஒரு நிமிடம் லோடு, ரெண்டு நிமிடம் அன்லோடு என்று மாறிமாறி ஓடிக்கொண்டே இருந்தது. லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு தெரியும். அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு சும்மா போகிறது. முதலாளியைக் கூப்பிட்டு ஸ்டாப்வாட்சை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே அளந்து பார்த்த பிறகு செலவுக்கு மறுபேச்சு வரவில்லை.

ஓட்டை தேட அல்ட்ராசோனிக் டிடெக்டர் எல்லாம் வாங்கவில்லை. சோப்புத் தண்ணீர், ஒரு பெயிண்ட் பிரஷ், கூடவே நல்ல காது. பட்டறை அமைதியாக இருக்கும்போது நின்று கேட்டாலே பாதி இடம் தெரிந்துவிடும். டியூப்பைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளர்களில் நுரை பொங்கியது. காற்று போகும் பியூ (பாலியூரித்தேன்) டியூப்பைக் கட்டிங் பிளையரில் கோணலாக வெட்டிச் செருகிய இடமெல்லாம் கசிந்தது. டியூப் கட்டரில் நேராக வெட்டிச் செருகியதும் பெரும்பாலானவை நின்றுவிட்டன. காற்றை வடிகட்டி, அழுத்தம் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் எஃப்ஆர்எல் கிண்ணங்களில் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வால்வு. துருத்தூள் மாட்டி, மூட முடியாமல் நின்றிருந்தது. தண்ணீர்தானே வடிகிறது என்று எல்லோரும் அதைக் கடந்து போயிருக்கிறோம்.

சின்ன ஓட்டைதானே என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோவாட் தின்னும். நாளைக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 1500 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலே 12,000 ரூபாய். ஒரு கப்ளரின் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஏர் கன். நாசில் உடைந்தால் வெறும் டியூப்பை மடக்கிப் பிடித்து, வெட்டும்போது விழும் உலோகச் சுருளை ஊதுவதுதான் வழக்கம். எல்லா மெஷினுக்கும் நாசில் வைத்த புது கன் வாங்கிக் கொடுத்தோம். ஷிஃப்ட் முடிந்ததும் உடம்பிலும் சட்டையிலும் காற்றடித்துக்கொள்வதையும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னோம். இது கரண்டுக்காக மட்டும் சொன்னதில்லை. அந்த அழுத்தத்தில் காற்று தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து, கண்ணில் சுருள் தெறித்தால் பார்வை போகும்.

அழுத்தத்தைக் குறைப்பதுதான் சிரமமாக இருந்தது. 8 பாரில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் மேனுவல்களைப் பார்த்தால் எதற்கும் 6-க்கு மேல் தேவையில்லை. ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் செலவு 6 முதல் 10 விழுக்காடு குறையும். "ஏனுங்ணா, பிரஷரக் கொறச்சுட்டு டூல் மாறாம நின்னுபோச்சுன்னா ரிஜெக்‌ஷன் எங்க தலையிலதான வரும்?" என்று விஎம்சி ஓட்டும் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அதனால் ஒரேயடியாக இறக்காமல் அரை பார் இறக்குவது, சில நாள் விட்டுப் பார்ப்பது, மறுபடி இறக்குவது என்று போனோம். கடைசி விஎம்சியில் மட்டும் காற்றழுத்தம் குறைவு என்று அலாரம் வந்தது. காரணம் அதற்குப் போன டியூப் மெல்லியது, நீளமும் அதிகம். பெரிய லைன் இழுத்து, பக்கத்தில் சின்ன டேங்க் ஒன்று வைத்ததும் 6.5 பாரிலேயே எல்லாம் ஓடுகிறது. கம்ப்ரசர் கக்கும் சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொண்டிருந்ததால், தகர டக்ட் அடித்து வெளியே விட்டோம். உள்ளே போகும் காற்று 4 டிகிரி சூடானால் செலவு ஒரு விழுக்காடு கூடும்.

கெப்பாசிட்டர் பேனலையும் திறந்து பார்த்தேன். கிளாம்ப் மீட்டர் வைத்ததில் சில கெப்பாசிட்டர்கள் கரண்டே எடுக்கவில்லை, ஒன்று வயிறு உப்பி நின்றது. மாற்றியதும் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு ஏறி, பில்லில் வந்துகொண்டிருந்த அபராதம் நின்றது. பழைய 40 வாட் டியூப் லைட்டுகள் 20 வாட் எல்இடி ஆயின. 75 வாட் ஃபேன் கெட்டுப்போகும்போதெல்லாம் 30 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் வாங்குகிறோம்.

மறுபடி அதே ஞாயிற்றுக்கிழமைச் சோதனை வைத்தபோது கசிவு கம்ப்ரசர் தரும் காற்றில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சோலாருக்கு முதலாளி இப்போது புதுக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார், முன்பைவிடச் சின்ன அளவுக்கு. கப்ளரில் கசிவு கேட்டால் சிவப்பு டேக் கட்டிவிட்டு எனக்கு போன் செய்யும் பழக்கம் பையன்களுக்கு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது பழைய விஎம்சிக்குள்ளே கேட்கும் ஒரு சீறல். சிலிண்டரைக் கழற்றினால்தான் தெரியும், உற்பத்தியை நிறுத்தி அதைச் செய்ய முடியாது. சீல் கிட் ஆர்டர் போட்டாயிற்று, ஆயுத பூஜை லீவில் பிரிக்கப் போகிறோம்.