சோலோவுக்கு முன் வீட்டில் வி.ஆர். பழகுகிறவர்களுக்கு

செஸ்னா 172எஸ் பயிற்சி விமானத்தில் முதல் சோலோவுக்கு, அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியே பறப்பதற்கு, தயாராகும்போது வீட்டு சிமுலேட்டருக்கான வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் லேண்டிங்கைத்தான் பழகுவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தரையைத் தொடும் அந்தச் சில நொடிகளில் யோக்கின் (விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் பிடிக்கும் கைப்பிடி) கனமும் இருக்கையில் உணரும் அழுத்தமும்தான் வழிகாட்டும். இரண்டும் வீட்டில் கிடைக்காது.

நன்றாகப் பழக முடிவது சர்க்கியூட், அதாவது ரன்வேயைச் செவ்வகமாகச் சுற்றிவந்து இறங்கும் வழி. டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி), தரையிலிருந்து 1,000 அடியில், ரன்வேயின் தொடக்கம் இறக்கைக்கு நேராக வந்ததும் பவரைக் குறைத்து 10 டிகிரி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) போடுங்கள். பிறகு தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பாருங்கள். ரன்வே முனை 45 டிகிரி பின்னால் போனதும் பேஸுக்கு, அதாவது ரன்வேக்குக் குறுக்கான பகுதிக்கு, திரும்ப வேண்டும். மானிட்டரில் பொத்தானை அழுத்திப் பார்வையை மாற்றிப் பழகியவருக்கு இந்த அளவு பிடிபடவே பிடிபடாது. ரன்வேயை நேராக நோக்கி இறங்கும் ஃபைனலில் வேகம் 65 நாட். ரேடியோ அழைப்புகளை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்து அறையில் சிரித்தாலும் பரவாயில்லை.

ஓட்டுவதற்கு முன் கண் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். நிஜ விமானம் தரையில் நிற்கும்போது உங்கள் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணருகே ஃபோனைப் பிடித்து முன்பக்கம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிவானம் கௌலிங்குக்கு (மூக்கிலுள்ள எஞ்சின் மூடி) மேல் எவ்வளவு தள்ளித் தெரிகிறதோ அதே அளவு வரும்வரை ஹெட்செட்டில் பார்வையை ஏற்றி இறக்குங்கள். மட்டம் உயர்ந்துவிட்டால் மூக்குக்கு மேல் தரை கூடுதலாகத் தெரியும். அதில் ஊறியவருக்கு நிஜ விமானத்தின் மூக்கு தூக்கியிருப்பதாகத் தோன்றும், தேவையில்லாமல் யோக்கைத் தள்ளுவார்.

யோக்கில் கை தாங்கும் அழுத்தத்தை நீக்கும் சக்கரமான டிரிம்மில்தான் கெட்ட பழக்கம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. நிஜத்தில் யோக்கை வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு, கையில் அழுத்தம் தீரும்வரை சக்கரத்தை உருட்டுவோம். யோக் அங்கேயே நிற்கும். ஸ்பிரிங் வைத்த வீட்டு யோக் எப்போதும் நடுவுக்கே இழுக்கும். அதனால் டிரிம்மை உருட்ட உருட்டக் கையைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். டிரிம்மை வீட்டில் 'கற்க' வேண்டாம்.

அடுத்தது தலை. ஹெட்செட் லென்ஸின் நடுவில் மட்டுமே எழுத்து தெளிவாக இருப்பதால், ஒவ்வொரு மீட்டருக்கும் தலையைத் திருப்பவும் பேனலை நோக்கிக் குனியவும் பழகிவிடுவோம். மேகத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று தலையை அசைத்தால் உள்காது குழம்பி, விமானம் உருள்வதுபோல் தோன்றும். ஆகவே மீட்டர்களை வரிசையாகப் பார்த்துவரும் இன்ஸ்ட்ரூமென்ட் ஸ்கேனுக்குச் சாதாரண மானிட்டரே மேல்.

குமட்டலுக்கு முக்கியக் காரணம் படம் திக்குவது. 90 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11 மில்லிநொடிதான். மேகத்தின் தரம், நிழல், சுற்றியுள்ள டிராஃபிக் மூன்றையும் முதலில் குறையுங்கள், அழகு போனால் போகட்டும். ஆரம்பத்தில் 15 நிமிடம் போதும். வியர்த்தாலோ வாயில் எச்சில் ஊறினாலோ உடனே கழற்றுங்கள், பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமே குமட்டும். பறக்கப்போகும் நாளில் ஹெட்செட்டைத் தொடாதீர்கள்.

மணிக்கணக்கு பற்றி: 2021-இல் ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஏசா ஒரு வி.ஆர். சிமுலேட்டருக்கு முதன்முதலாகச் சான்று கொடுத்தது. அது ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கானது. அசையும் மேடையும் நிஜ அளவு கன்ட்ரோல்களும் கொண்டது. மேசையில் கவ்வி வைத்த யோக்கில் ஓட்டிய நேரம் லாக்புக்கில் (பறந்த நேரப் பதிவேடு) ஏறாது.