லிங்க் சேர்த்தால் பாயிண்ட்டாம்!

இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் பாக்கெட் சேவையை 2025 ஜூலை 8ஆம் தேதி மூடிவிட்டார்கள். 2007இல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பேரில் தொடங்கியதை, 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்காரர்களான மொசில்லா வாங்கிக்கொண்டது. அப்புறம் படிக்கலாம் என்று நான் அதில் போட்டு வைத்தது ஏராளம். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மகன், லிங்க் சேமிக்கிற ஒரு புதுத் தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "அத்தை, இதுல ரெஜிஸ்டர் பண்ணுங்க. காசெல்லாம் கட்ட வேணாம், சும்மாதான். உங்களுக்கும் பாயிண்ட், எனக்கும் பாயிண்ட்." யாருக்கு அதிகம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் வேறு வேலை என்ன இருக்கிறது?

ஏற்பாடு இதுதான். பிடித்த பக்கத்தைச் சேமித்து, தேடி எடுக்க வசதியாகக் குறிச்சொல் (டேக்) போட வேண்டும். நாம் முதலில் சேர்த்ததைப் பின்னால் மற்றவர்களும் சேர்த்தால் நமக்குப் பாயிண்ட். பத்து டாலர் அளவுக்கு ஏறினால், அதாவது கிட்டத்தட்ட 40 மலேசிய வெள்ளி, பேபாலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆளுக்குக் காசு கொடுத்து லிங்க் சேர்க்கச் சொல்வது ஒன்றும் புதுசில்லை. 2006 ஜூலையில், பழைய பிரவுசரின் பேரில் இருந்த நெட்ஸ்கேப் தளத்தை நடத்திய ஜேசன் கலகானிஸ், டிக், டெலிஷியஸ் மாதிரி லிங்க் பகிரும் தளங்களில் முன்னணியில் இருந்த 50 பேருக்கு மாதம் 1,000 டாலர் தருகிறேன், இங்கே வாருங்கள் என்று வெளிப்படையாகவே கூப்பிட்டார். அடுத்த வருஷமே அது ப்ரொப்பெல்லர் என்று பேர் மாறியது, 2010இல் மூடியாகிவிட்டது. காசே கொடுக்காத டெலிஷியஸ் மட்டும் பிழைத்ததா? 2005இல் யாஹூ வாங்கிய அந்தத் தளம், கைமாறிக் கைமாறி 2017இல் வெறும் 35,000 டாலருக்குப் பின்போர்டு என்ற இன்னொரு லிங்க் சேமிக்கும் தளத்தின் கைக்குப் போனது. நம் ஆட்கள் தமிழிஷ், இன்ட்லி என்ற தமிழ் லிங்க் பகிரும் தளங்களில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 'எனக்கு நீ போடு, உனக்கு நான் போடுறேன்' என்பதுதான் சம்பளம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். செம்பனை ஆலை ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை எனக்கு. ஒரு லாரி டிம்பாங்கை (எடை மேடையை) விட்டு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் இதெல்லாம். முதலில், எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையைச் சேர்க்கப் பார்த்தேன். 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட இடம் அது. தளம் வாங்க மாட்டேன் என்றது. முகவரி 255 எழுத்தைத் தாண்டக் கூடாதாம்!

கட்டுரையின் தலைப்பே முகவரியில் தமிழில் இருந்ததுதான் வினை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், ஒட்டும்போது அது சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்துவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினிக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து வீதம் முகவரியில் ஒன்பது எழுத்து. புள்ளிக்குத் தனியாக ஒன்பது, கொம்புக்கும் காலுக்கும் இன்னொரு ஒன்பது. 'தோட்டம்' என்று எழுதினாலே 63 போய்விடுகிறது. நாலு சொல்லில் தலைப்பு வைத்தவர் கதி அவ்வளவுதான்.

குறிச்சொல்லிலும் இதே இழவு. இடைவெளி விட்டால் இரண்டு சொல்லாக வெட்டிவிடுகிறது. 'பத்தாங்' தனியே, 'பெர்ஜுந்தை' தனியே. ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் வைத்துவிட்டதால் அந்தப் பேரில் தேடுகிறவருக்கு நான் சேர்த்தது எதுவும் அகப்படாது.

பாயிண்ட்? தமிழ்ப் பக்கங்களுக்கு முட்டை. இலவச ஏஐ கருவிகள் பட்டியல் ஒன்றைப் போகிற போக்கில் சேர்த்தேன், அது மட்டும் மளமளவென்று ஏறியது. அப்புறம் கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. எனக்கு என்ன வேண்டும் என்பது போய், எங்கோ இருக்கிற எவனோ நாளைக்கு எதைச் சேர்ப்பான் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். முகப்புப் பக்கம் முழுக்க இப்படிக் கணக்குப் போட்டவர்கள் கூட்டம்தான், நடுநடுவே எடை குறைக்கும் மாத்திரை. தம்பி மகனோ, ஆளுக்கு ஆள் லிங்க்கைச் சேர்த்துக்கொள்ளும் க்ரூப் ஒன்று வைத்திருக்கிறான். "உங்களையும் ஏத்தி விடவா அத்தை?"

"வேணாம்யா, ஆள விடு."

இப்போது முக்கால்வாசி லிங்க்கைத் தனிப்பட்டது என்று பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டியதற்குப் பாயிண்ட் கிடையாது, அவனுக்கு அதில் வருத்தம். நீங்கள் சேர்வதாக இருந்தால் பாயிண்ட் பட்டியலுக்கு முன்னால் சேர்த்ததையெல்லாம் ஃபைலாக இறக்கிக்கொள்ளும் எக்ஸ்போர்ட் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதில் இருக்கிறது, வேலையும் செய்கிறது. இறக்கிய ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் இன்னமும் நெட்ஸ்கேப் பேர்தான், அந்தப் பழைய பிரவுசரின் ஃபைல் வடிவம் அது. சேரும்போது தம்பி மகனின் லிங்க் வேண்டுமென்றால் கேளுங்கள். அவனுக்காவது ஏறட்டும்.