15-க்கு எதிராக 14: சமம் வராத ஓர் இசையோடு நான்கு மாதங்கள்

நேற்றிரவும் 140 அட்சரம் (தாளத்தை எண்ணும் அலகு) முடிந்த இடத்தில்தான் விழுந்தேன். வாயில் பதினைந்து அட்சரச் சுற்று, கையில் பதினான்கு அட்சரச் சுற்று என்று ஒரே நடையில் தொடங்கி, இரண்டும் மறுபடி சமத்தில் (சுற்றின் தொடக்கத் தட்டில்) ஒன்றுசேரும் 210-ஐத் தடுமாறாமல் எட்டுவதே கடந்த நான்கு மாதங்களாக நான் செய்துவரும் வேலை. மெட்ரோனோமின் துணையோடு இரண்டு முறை கரை சேர்ந்திருக்கிறேன். இசைத்தட்டோடு சேர்ந்து ஒரு முறைகூட இல்லை. சிறுவயதில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்று, சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு (கட்டாயப் படைப்பணிக்கு) போன வயதில் கைவிட்டவன் நான் என்பதால், இந்தத் தோல்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

உருப்படி எதுவென்று சொல்லிவிடுகிறேன். கிங் கிரிம்சன் என்ற ஆங்கில ராக் குழு 1981-இல் வெளியிட்ட ‘டிசிப்ளின்’ தட்டின் கடைசியில், தட்டின் பெயரையே தாங்கி, வாய்ப்பாட்டு இல்லாமல் வருவது. ராபர்ட் ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும் இரண்டு கிட்டார்களில் சிறிய சுரக்கோவைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். சில இடங்களில் இருவரும் பதினைந்து அட்சரக் கோவையை ஒன்றாகவே வாசித்துவந்து, பிறகு ஒருவர் மட்டும் தம் கோவையிலிருந்து ஒரே ஓர் அட்சரத்தைக் கழற்றிவிட்டுப் பதினான்குக்கு இறங்குகிறார். அந்த ஒன்று குறைந்தவுடன், அதுவரை ஒரே கிட்டார்போல் கேட்டது இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரத் தொடங்குகிறது. பாலித்தீவின் கமலான் இசையில் இரண்டு கலைஞர்கள் ஒரே மெட்டைப் பங்கிட்டுப் பின்னி வாசிக்கும் கொத்தேக்கான் முறையைக் கேட்டவர்களுக்கு இந்தப் பின்னல் உடனே பிடிபடும். நமக்கு அது அக்கம்பக்கத்து இசை. கிட்டார் ரசிகர்கள்தாம் அதைப் புதிதாகக் கண்டதுபோல் வியக்கிறார்கள்.

சொல்கட்டின் (தாளத்தை வாயால் சொல்லும் எழுத்துகளின்) மூலம் இதைப் பிடித்துவிடலாம் என்று நான் நினைத்ததற்குக் காரணம், இந்த எண்களில் பெரும்பாலானவை நம் கர்நாடக இசைத் தாள முறையில் ஏற்கெனவே இருப்பதுதான். அந்த உருப்படியில் பில் புரூஃபோர்டின் டிரம்ஸ் பதினேழில் போகிறது. ஐந்து, இரண்டு, ஐந்து, ஐந்து என்று போட்டால் அது கண்ட ஜாதி துருவ தாளம். பதினான்குக்கு இரண்டு வழிகள் உண்டு: நான்கு, இரண்டு, நான்கு, நான்கு என்னும் சதுஸ்ர ஜாதி துருவம் ஒன்று, ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்னும் கண்ட ஜாதி அட தாளம் மற்றொன்று. ஆனால் பதினைந்து மட்டும் முப்பத்தைந்து தாளங்களில் எங்குமே இல்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகவே பதினைந்தை வாய்க்குக் கொடுத்து, ‘தகதகிட’ மூன்று முறை என்று வைத்துக்கொண்டேன். பதினான்கைக் கை பார்த்துக்கொண்டது.

முதல் தவறு கைக்கு அட தாளத்தைக் கொடுத்தது. அட தாளத்தில் அமைந்த வர்ணங்களுக்குத் தாளம் போட்டுப் பழகிய கை, தானாகவே அதற்குத்தான் போனது. அதில் முதல் பத்து அட்சரங்கள் வாயும் கையும் ஐந்து ஐந்தாக ஒன்றாகவே நடக்கும். நாம் கெட்டிக்காரர் என்ற நினைப்பு வரும். அடுத்து வரும் இரண்டு துருதங்களில் (இரண்டிரண்டு அட்சரப் பகுதிகளில்) கை ஒதுங்கி, ஓர் அட்சரம் முன்னதாகவே தன் சமத்துக்குப் போய்விடும். வாய் அதைத் துரத்திப் பிடிக்க ஓடி, பதினைந்தைப் பதினான்காகச் சுருக்கிவிடும். மூன்று வாரங்கள் இதை உணராமலேயே, இரண்டையும் பதினான்காகப் போட்டுவிட்டுச் சாதித்துவிட்டதாக மகிழ்ந்துகொண்டிருந்தேன். துருவ தாளத்துக்கு மாறியபின் அந்த மயக்கம் போயிற்று, ஏனெனில் நான்கின் கூட்டத்துக்கும் ஐந்தின் கூட்டத்துக்கும் தொடக்கத்திலேயே ஒத்துப்போகாது.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போன ஒரு செய்தி கண்ணில் பட்டது. கை ஒவ்வொரு முறை சமத்துக்கு வரும்போதும் வாய் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தாளில் குறித்துவைத்தேன். முதல் சுற்று முடிந்து கை திரும்பும்போது வாய் ‘ட’வில் இருக்கிறது, அடுத்த முறை ‘கி’, அடுத்து ‘த’, அடுத்து ‘க’, அடுத்து ‘த’. அதாவது வாய் முன்னோக்கி ‘தகதகிட’ சொல்லச் சொல்ல, கையின் சமம் அதே சொல்லைப் பின்னோக்கி எழுத்துக் கூட்டிக்கொண்டு போகிறது. ஐந்தாவது சுற்றின் முடிவில், அதாவது 70-இல், கையின் சமமும் ஒரு ‘தகதகிட’வின் தலையும் ஒன்றாக விழுகின்றன. அது பொய்ச்சமம். அங்கே வாய் சொல்லத் தொடங்குவது மூன்றாவது கண்டம் (ஐந்தெழுத்துக் கூட்டம்), ஆனால் காதுக்கு அது தெரியாது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். 140-இல் இதே பொய், இந்த முறை இரண்டாவது கண்டத்தின் தலையில். மெய்யான சமம் 210-இல்தான்.

தீர்வு எளியது. மூன்று கண்டங்களுக்கும் வெவ்வேறு சொற்களைக் கொடுத்துவிட வேண்டும். இப்போது நான் சொல்வது: ‘தகதகிட, தகிடதக, ததிங்கிணதொம்’. கையின் சமத்தில் ‘தொம்’, ‘ண’, ‘கி’, ‘திங்’, ‘த’ என்று வரிசையாக விழுந்தால் முதல் மூன்றிலொரு பங்கு சரி என்று பொருள். இந்த மாற்றத்துக்குப் பிறகு 70-ஐக் கடப்பது பழகிவிட்டது. 140-இல் ‘தகிடதக’ என்று வர வேண்டிய இடத்தில் மட்டும் வாய் இன்னும் அடம்பிடித்துத் ‘தகதகிட’ என்றே எடுக்கிறது.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடாசிட்டி மென்பொருளில் தாளத்தடம் உருவாக்கும் வசதியில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு முழுச் சுற்றுக்கு) எத்தனை தாளத்தட்டு என்பதை 20 வரை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து தட்டுக்கு ஒரு தடமும் பதினான்கு தட்டுக்கு ஒரு தடமும் செய்து, முன்னதை 14 ஆவர்த்தனங்களும் பின்னதை 15 ஆவர்த்தனங்களும் ஓடவிட்டு, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் தள்ளிவிட்டேன். நிமிடத்துக்கு 240 தட்டு என்று வைத்தால் மொத்தமும் 52.5 விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு தடத்துக்கு நீர் சொட்டும் ஓசையையும் மற்றதற்கு மாட்டுமணி ஓசையையும் தேர்ந்தெடுத்தேன். மாட்டுமணியைக் காதில் கேட்டபடி விரைவு ரயிலில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயசைத்தபோது, எதிரே அமர்ந்திருந்த சீன மூதாட்டி நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தம் கைப்பேசியின் ஒலியைக் குறைத்தார். இசைத்தட்டைக் கணினிக்கு மாற்றி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் எழுபது விழுக்காட்டுக்குக் குறைத்தும் பயிற்சி செய்கிறேன். ஆனால் அந்த வேகத்தில் கிட்டார் நரம்பின் ஓசை குழைந்து, எந்தச் சுரம் எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிவிடுகிறது. பதிவோடு நான் தோற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் வாதம். மீதிப் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

தட்டு வாங்கியதும் ஒரு கதை. ‘டிசிப்ளின்’ அடெல்ஃபி கட்டடத்தின் கடையொன்றில் நல்ல நிலையில் கிடைத்தது. ஹென்றி கவ் என்ற ஆங்கில ராக் குழுவின் தட்டு எதுவும் இங்குள்ள கடைகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன், தட்டின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம், அதற்கும் மேலே 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொட்டலங்களும் இந்த வரிக்குத் தப்புவதில்லை. இத்தனையும் கட்டி வந்த தட்டு அப்பளம்போல் வளைந்திருந்தது. விற்றவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

ஹென்றி கவ் பக்கம் என்னைத் தள்ளியவர் என் நண்பர். தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்போம். தோசை வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். அவர் கணக்கில் கிங் கிரிம்சன் அவாங்கார்டே (மரபை மீறும் சோதனை இசையே) அல்ல. 1978 மார்ச் 12-ஆம் நாள் லண்டனில் நியூ லண்டன் தியேட்டரில் ‘ராக் இன் ஆப்போசிஷன்’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஹென்றி கவ், இத்தாலியின் ஸ்டோர்மி சிக்ஸ், ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவர் சீரோ, பிரான்சின் எட்ரோன் ஃபூ லலூப்லான் ஆகிய ஐந்து குழுக்கள் ஒரே மேடையில் கூடின. இசைத்தட்டு நிறுவனங்கள் நம் காதுக்கு எட்டவிடாத இசை என்பதே அவர்களுடைய முழக்கம். அந்த மறுப்பு இல்லாமல் எண்களை மட்டும் அடுக்குவது கணக்கு வாத்தியார் வேலை என்கிறார் நண்பர். ஹென்றி கவ்வின் முதல் தட்டையே 1973-இல் வெளியிட்டது வர்ஜின் நிறுவனம்தானே என்று நான் மடக்கினால், “உள்ளே போய்ப் பார்த்தவனுக்குத்தானே எதிர்க்கத் தெரியும்?” என்று திருப்பிவிடுகிறார்.

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதை வளைந்த தட்டோடு மல்லாடியபோது உணர்ந்தேன். ஹென்றி கவ்விடம் என் சொல்கட்டு செல்லவே இல்லை. ஒரு சொற்றொடரைப் பிடித்து ஏழு, ஐந்து என்று பெயர் வைப்பதற்குள் அது முடிந்து வேறொன்று வந்துவிடுகிறது. எண்ணுவதற்கு ஏதேனும் திரும்பி வர வேண்டுமல்லவா? நாற்பது விநாடிகளுக்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் எனக்கு டிசிப்ளின்தான் பெரிது. சமம் இருக்கிறது என்று நம்பவைத்துக்கொண்டே அதைத் தராமல் போவது, சமமே இல்லாமல் வாசிப்பதைவிடத் துணிச்சலான காரியம் என்பது என் எண்ணம். நண்பர் இதை ஏற்கவில்லை. தோசைக்கான காசையும் அன்று நானே கொடுத்தேன்.

தீர்ப்புக் கேட்டு என் பழைய மிருதங்க ஆசிரியரிடம் போனேன். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். முதலில் யூனிவர் சீரோவைப் போட்டுக் காட்டினேன். பஸ்ஸூன் என்ற துளைக்கருவியோடு ஆர்மோனியமும் சேர்ந்து இழுப்பதைக் கேட்டுவிட்டு, “பஜனைக்குள்ள பேய் பூந்த மாதிரி இருக்கு தம்பி” என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு டிசிப்ளினைப் போட்டு, பதினைந்துக்குப் பதினான்கு என்று விளக்கினேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே இடக்கையால் துருவ தாளம் போட்டு, வாயால் சொல்லாமல் மனத்திலேயே பதினைந்தை ஓட்டி, 70-இல் புருவத்தை மட்டும் ஒரு முறை உயர்த்தினார்.

“கணக்கு சரி. எங்க இறங்கறாங்க?”

“இறங்க வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்ல சார். ஆளுக்கு ஒரு சமம்.”

“அப்ப கச்சேரி முடிஞ்சா கை தட்டறவன் எப்பத் தட்டுவான்?”

சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை. அதில் இரண்டு பதினைந்தைப் போட்டால் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை எங்கே கார்வையாக (ஓசையின் நீட்டலாக) ஒளித்துவைப்பது என்பதுதான் நமக்கு வித்தை, மிச்சத்தை மிச்சமாகவே விடுவது இவர்களுக்கு வித்தை என்றார். 140-இல் நான் விழுவதைச் செய்து காட்டச் சொன்னார். கவனித்துவிட்டு, பிழை வாயில் இல்லை, பத்தாவது சுற்று முடியும்போது என் தலை ஆடுகிறது என்றார். கோர்வை (முத்தாய்ப்பான சொல்கட்டு) முடியும் இடத்தில் ஆடிப் பழகிய தலை, பொய்ச்சமத்தை மெய்யென்று முடிவுகட்டி ஆட, வாய் அதன் பேச்சைக் கேட்கிறது. எனக்கு அதுவரை இது தெரியவே தெரியாது.

பதினேழைக் காலுக்குக் கொடுத்து மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. செராங்கூன் சாலைக் கடையொன்றில் அதற்கென்று ஒரு பயிற்சிப் பலகை விலைகூடப் பேசி வைத்துவிட்டேன். அதற்குள் மாக்மா என்ற பிரெஞ்சுக் குழு 1973-இல் வெளியிட்ட தட்டைக் கேள் என்று நண்பர் நச்சரிக்கிறார். அதன் தலைவர் கிறிஸ்தியான் வாந்தேர் தாமே உருவாக்கிய கோபாயன் மொழியில் பாடுவதால், அதையும் சொல்கட்டுபோலவே கேட்டுவிடலாம் என்பது அவருடைய ஆசைகாட்டல். இரண்டும் காத்திருக்கட்டும். இன்றிரவு சுவரில் தலையை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்து, 140-ஐ ஆடாமல் கடக்க முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.