ஃபெல்ஸ் நீர்த்தேக்கப் பாதை: காற்றும் பெடலும் சரியாக இருந்தால் போதும்

பாஸ்டனுக்கு வடக்கே, நெடுஞ்சாலை 93-ஐ ஒட்டியே மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காடு இருக்கிறது. அதன் மேற்குப் பாதியில், வின்செஸ்டர் ஊருக்குக் குடிநீர் தரும் மூன்று ஏரிகளைச் சுற்றி வருவதுதான் ரிசர்வாயர் டிரெயில், மவுண்டன் பைக் (மலைச் சைக்கிள்) ஓட்டக்கூடிய பாதை. மரங்களில் ஆரஞ்சுப் பட்டை அடித்திருக்கும். ஒரு சுற்று ஆறு மைல்கூடக் கிடையாது. தூரத்தைப் பார்த்து 'இவ்வளவுதானே' என்று இறங்குபவர்கள் முதல் மைலிலேயே மூச்சு வாங்குவார்கள். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, ஆனால் கல்லுக்கு ஓய்வே இல்லை. பழைய எரிமலைப் பாறையைப் பனியாறு வழித்துப் போட்ட நிலம் அது. மேலே மெல்லிய மண், அதைக் கிழித்துக்கொண்டு ஓக் வேர்களும் மொட்டைப் பாறையும்.

இங்கே 160 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் (அதிர்வுதாங்கி) தேவையே இல்லை. 120–130 தாராளம். பழகியவருக்கு, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலும் போதும். வேகம் குறைவு, கல் அதிகம் என்பதால், பணத்தை டயரில் போடுவதுதான் புத்திசாலித்தனம். 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல அகலம், பக்கச்சுவர் தடித்தது, டியூப்லெஸ். உடல் எடை 75 கிலோ என்றால் முன்னால் 21–22 பிஎஸ்ஐ, பின்னால் 24–25-இல் தொடங்கலாம். ரிம் கல்லில் 'டங்' என்று அடிக்கும் சத்தம் அடிக்கடி கேட்டால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஒருமுறைகூடக் கேட்காவிட்டால் காற்று கொஞ்சம் அதிகம் என்று பொருள். ஈரப்பாறையில் டயர் பிடிக்காது. டியூப் போட்டு ஓட்டினால் 28-க்குக் கீழே இறங்காதீர்கள். கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஒரு டயருக்கு 100 மி.லி. ஊற்றலாம். இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து நிரப்ப வேண்டும்.

அடுத்த தலைவலி பெடல். புதிதாக வருபவர்கள் இங்கே விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: வழுக்கி விழுவதில்லை, கீழே இருக்கும் பெடல் கல்லில் இடித்து வண்டி நின்றுவிட, இவர்கள் மட்டும் முன்னால் போகிறார்கள். கற்குவியல் வருகிறது என்றால் முழுச் சுற்று மிதிக்காதீர்கள். இரண்டு கிராங்கையும் (பெடல் பிடித்த தண்டு) தரைக்கு இணையாக வைத்து, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அரைகுறையாக மிதித்துத் தாண்ட வேண்டும். பின் ஹப் (பின்சக்கரத்தின் மையப் பகுதி) மிதித்ததும் சீக்கிரம் பிடிப்பதாக இருந்தால் இது சுலபம். 175 மி.மீ. கிராங்கை 165-க்கு மாற்றினால் பெடலுக்குக் கீழே ஒரு செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும், சீட்டையும் அதே ஒரு செ.மீ. உயர்த்திக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் சேக் (நீங்கள் உட்கார்ந்ததும் அமுங்கும் அளவு) பின்னால் 30 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி தாழ்ந்து மறுபடி இடிக்கும். 25 பக்கம் வையுங்கள். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் மீண்டு எழும் வேகம்) அதிகம் மெதுவாக்கினாலும் இதே தொல்லைதான். அடுத்தடுத்த கற்களுக்கு இடையே ஷாக் எழுந்து வர நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும்.

பிரேக்கைக் கல்லுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். முன்சக்கரம் கல்லைத் தொடும் நொடியில் லீவரில் விரல் அழுத்தம் இருக்கக் கூடாது. உருளும் சக்கரம் ஏறும், பூட்டிய சக்கரம் முட்டி நிற்கும். வேரைச் செங்கோணத்தில் குறுக்காகக் கடக்கவும். சாய்வாகப் போனால், அதுவும் மழைக்குப் பின், சக்கரம் வேரோடேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். அக்டோபர் கடைசியில் ஓக் இலை விழுந்து கல்லையெல்லாம் மூடிவிடும். பழகிய வளைவிலும் வேகத்தைக் குறைப்பது நல்லது.

பையில் பம்ப், டியூப்லெஸ் பிளக் (டயர் ஓட்டையை அடைக்கும் துண்டு), ஓர் உபரி டியூப், செயின் இணைப்பி இருக்கட்டும். கூடவே உங்கள் வண்டிக்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு துண்டு). இங்கே கல்லில் இடித்து வளைவது பெரும்பாலும் அதுதான், கடையில் கிடைக்கும் எல்லாமும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. யூடிஹெச் (பல வண்டிகளுக்குப் பொதுவான ஹேங்கர்) வகை என்றால் அதன் போல்டுக்கு 8 மி.மீ. ஆலன் கீ வேண்டும், மறை இடதுபுறத் திருகு, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால்: ஜனவரி 1 முதல் ஏப்ரல் பாதி வரை சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பனி உருகிச் சேறாகும் காலம். வெள்ளைப் பட்டை போட்ட ஸ்கைலைன் பாதை ஆண்டு முழுவதும் நடப்பவர்களுக்கு மட்டுமே. இரண்டு பாதைகளும் அங்கங்கே குறுக்கிடும், நிறத்தைக் கவனிக்காமல் திரும்பிவிடாதீர்கள். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் அந்த மூன்று ஏரிகளில் இறங்கக் கூடாது. காட்டிலுள்ள ஷீப்ஃபோல்ட் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடங்கலாம். நாய்களை அவிழ்த்துவிடும் புல்வெளி அதே இடத்தில்தான் இருக்கிறது, அதைத் தாண்டும்வரை மெதுவாகப் போங்கள்.