யளனகபக

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது. மலர் போடுகிறார்கள். பையன் பத்தாவது படிப்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன், அதோடு கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. அப்புறம் கேட்கவா வேண்டும், 'பள்ளி வரலாறு' என்ற நாலு பக்கக் கையெழுத்துப் பிரதியை அடித்துத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ரிட்டையர்டு வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தார். ஜில்லா போர்டு ஆரம்பித்த உயர்நிலைப் பள்ளி இது. ஜில்லா போர்டு ஒழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று, ஆனாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் 'போர்டு ஸ்கூல்'தான். காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்களே, அதில் எங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்த பெஞ்சுகள், சுவர்க்கடிகாரம், ஒரு பீரோ எல்லாம் பட்டியலாக இருந்தது. அந்தப் பெஞ்சுகளில் ஒன்றில் நானே உட்கார்ந்திருக்கிறேன். கொடுத்தவர் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் பெயிண்ட் போகாமல் இருக்கும். மீதியை ஐம்பது வருஷத்து முதுகுகள் தேய்த்துவிட்டன.

என்.சி.சி.க்கு முழுப் பக்கம். எங்கள் காலத்தில் 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' என்பதற்கான சாவ்தான், விஷ்ராம் இரண்டும்தான் பள்ளியில் காதில் விழுந்த இந்தி. 1968-இல் இருமொழிக் கொள்கைக்காக சட்டமன்றம் போட்ட தீர்மானத்திலேயே என்.சி.சி.யில் இந்தி ஆணைகள் கூடாது என்று இருந்ததாம். இது பிரதியில் இல்லை, நான் வேறிடத்தில் படித்தது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், தேசிய பசுமைப் படை நட்ட புங்க மரங்கள் எல்லாம் வந்திருந்தன.

1978-இல் ப்ளஸ் டூ. பதினொன்றாவதில் முடிந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தோடு நின்றது, கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போயிற்று, எங்கள் உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. அடுத்த பாராவில் ஆய்வகக் கட்டடம். அதற்கடுத்து நேராக 2011-இல் லேப்டாப், 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, 2022-இல் நான் முதல்வன் திட்டம்.

இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். தொழிற்பிரிவு என்று ஒரு வார்த்தை இல்லை.

ப்ளஸ் டூ வந்தபோதே அதுவும் கூட வந்தது. எல்லாரும் காலேஜ் போகப்போவதில்லை, கைத்தொழில் ஒன்றோடு வெளியே போகட்டும் என்ற நினைப்பு. சில பள்ளிகளில் வேளாண்மை, சிலவற்றில் நர்சிங், மெஷினிஸ்ட். எங்களுக்கு டைப்ரைட்டிங். நான் 1990-இல் சேர்ந்தேன். மார்க் உள்ளவர்கள் ஃபர்ஸ்ட் குரூப்புக்கும் தேர்ட் குரூப்புக்கும் போன பிறகு மிஞ்சியவர்கள் என்று எங்களுக்குப் பெயர். உண்மையும் அதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

இருபத்திரண்டு பேருக்கு எட்டு மெஷின். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகை. மத்தியானம் தகரம் காய்ந்தால் சாவியில் விரல் வைக்க முடியாது. வாத்தியார் முதல் வாரம் எங்களைத் தாளே போட விடவில்லை. மேசையில் விரல் வைத்து 'யளனகபக' என்று சொல்லச் சொன்னார். இடது கை முதல் பாடம் அது. இன்றைக்கும் தூக்கம் வராத ராத்திரிகளில் என் விரல் போர்வைமேல் யளனகபக அடிக்கிறது.

தமிழ் மெஷினில் ஒரு விசித்திரம் உண்டு. புள்ளி வைத்த எழுத்து வேண்டுமானால் புள்ளியைத்தான் முதலில் அடிக்க வேண்டும். அந்தச் சாவி அடித்தால் கேரியேஜ் நகராது. புள்ளி மட்டும் வெற்றுத்தாளில் தனியாக நிற்கும். பிறகு எழுத்தை அடித்தால் அது போய்ச் சரியாகப் புள்ளிக்கு அடியில் உட்காரும். கையால் எழுதுவதற்கு நேர் தலைகீழ். இது பிடிபடாமல் வளர்மதி... வேண்டாம், பெயர் எதற்கு, என் பக்கத்து மெஷின்காரி ஒரு மாதம் அழுதாள். அவள்தான் எங்கள் செட்டில் முதலில் அரசு வேலைக்குப் போனவள். டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர், ஹையர், தமிழ், இங்கிலீஷ் இரண்டு மொழியிலும் பாஸ். ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகள் பலர் அப்போது காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்துணவு பத்தாவது வரைதான். ப்ளஸ் ஒன் வந்ததும் நின்றுவிடும். பசி நிற்குமா? வாத்தியாரும் முதலில் பார்ட் டைம் சம்பளத்தில் வந்தவர்தான், ஆனால் அவர் டிபன் பாக்ஸ் மூன்று அடுக்கு. ஏன் மூன்று என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் ஓய்வு பெற்றபின் இடத்தை நிரப்பவில்லை. கொஞ்ச நாளில் குரூப்பே போயிற்று.

ஹெச்.எம். மேடத்திடம் போய்ச் சொன்னேன். "அது இப்ப இல்லையேங்க" என்றார். போர்டு ஸ்கூலும்தான் இப்போது இல்லை என்றேன். சிரித்துவிட்டு, சரி, அரைப் பக்கம் எழுதுங்கள், படம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்.

எழுதிவிட்டேன், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில்தான். கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகச் சொன்னார்கள், விரல் கேட்கவில்லை. படத்துக்குத்தான் திண்டாட்டம். மெஷின்கள் எப்போதோ ஏலத்தில் போய்விட்டன. க்ரூப் போட்டோவும் வேப்பமரத்தடியில் எடுத்தது, கொட்டகை அதில் விழவில்லை. ஸ்டோர் ரூமில் தேடியதில் ஒரு மெஷினின் தகர மூடி மட்டும் கிடைத்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே வாலிபால் நெட்டைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நெட்டை வெளியே எடுத்துவிட்டுப் படம் எடுக்கலாமா என்று யோசித்தேன். அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன்.