கர்ப்பகாலப் பதட்டத்துக்கு உதவி கேட்டு அலைஞ்ச அனுபவம், முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள்

34வது வாரம் ஆரம்பிச்சிருக்கு. இப்ப ராத்திரி தூங்குறேன், அதனாலதான் உட்கார்ந்து எழுத முடியுது. மூணு மாசம் முன்னாடின்னா நாலு வரி சேர்ந்தாப்புல யோசிக்கக்கூட முடியாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாம் எப்பவும் போல நடந்துச்சு. நான் சொல்ல வந்தது பதட்டத்துக்கு உதவி கிடைக்கிறதுக்குள்ள பட்ட பாடு.

முதல் விசிட்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. சுகர், பிபி, ஆஸ்துமா, ஆபரேஷன் எல்லாத்துக்கும் டிக் போட கட்டம் இருந்துச்சு, மனசு சம்பந்தமா ஒரு கட்டம் கூட இல்ல. கடைசில "வேற ஏதாவது சிகிச்சை?"னு ஒரு வரி. நாலு வருஷமா பதட்டத்துக்கு மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தவ நான், ரெண்டு கோடு பார்த்த அன்னிக்கே யாரையும் கேக்காம நிறுத்திட்டேன், குழந்தைக்கு ஆகாதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். பக்கத்துல வீட்டுக்காரர், அந்தப் பக்கம் மாமியார், ரெண்டு பேரும் ஃபார்மையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. "இல்லை"ன்னு எழுதிட்டேன். போன தடவ 9வது வாரத்துல கலைஞ்சத எழுதினேன், ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் எப்படி இருந்தேன்னு யாரும் கேக்கல.

8வது வாரத்துல ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் போயிட்டு உள்ளாடைய லைட்டுக்கு நேரா பிடிச்சு ரத்தம் பட்டிருக்கான்னு பார்ப்பேன், பார்த்துட்டு வெளிய வந்து சரியா பார்த்தேனான்னு மறுபடி உள்ள போவேன். ராத்திரி 3 மணிக்கு டாண்ணு முழிப்பு, நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை வேர்க்கும். 14வது வாரத்துல இதயத்துடிப்பு கேக்குற சின்ன மெஷின் ஒண்ணு வாங்கினேன். ஒருநாள் நாப்பது நிமிஷம் வயித்துல தேய்ச்சு தேய்ச்சு பார்த்தும் ஒண்ணும் கேக்கல. ஜெல் காய்ஞ்சு தோல் எரியுது, நான் கட்டில்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்கேன். குழந்தை நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல. தயவுசெஞ்சு அத வாங்காதீங்க. நம்மளோட நாடித்துடிப்பையே குழந்தையோடதுன்னு நினைச்சு நிம்மதி ஆயிடவும் வாய்ப்பிருக்கு, அது இன்னும் ஆபத்து.

12வது வாரமும் 16வது வாரமும் டாக்டர்கிட்ட சொன்னேன். "எல்லாருக்கும் வர்றதுதான்மா, நல்லதையே நினைங்க"ன்னு ரெண்டு தடவையும் அதே பதில். அந்த வார்த்தை என்ன பண்ணுச்சு தெரியுமா, நல்லத நினைக்க முடியலையே, அதனாலயே குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு புதுசா ஒரு பயம் சேர்ந்துச்சு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா கர்ப்பத்துல இயல்பாவே நாடித்துடிப்பு கூடும், தூக்கம் கெடும், அசதி இருக்கும், அதனால பதட்டத்தோட அறிகுறி எல்லாமே கர்ப்பத்தோட கணக்குல போயிடுது. பார்க்குறவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

திருப்பம் ஒரு நர்ஸ் அக்காவாலதான். 20வது வாரம் பிபி பார்க்கும்போது கை நடுங்குறத பார்த்துட்டு, வீட்டுக்காரர வெளிய உட்காரச் சொல்லிட்டு, கதவ சாத்திட்டு ஒரு தாள் குடுத்தாங்க. ஏழு கேள்வி, கடைசி ரெண்டு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 21. பதட்டம் எவ்வளவு இருக்குன்னு அளக்குற ஜிஏடி-7ன்னு பேரு. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா மேற்கொண்டு பார்க்கணுமாம், எனக்கு 16. அந்த நம்பர பார்த்ததும் பயம் வரல, நான் சும்மா சொல்லலைன்னு ஒரு ஆறுதல்தான் வந்துச்சு. அப்பதான் மாத்திரை விஷயத்தையும் சொன்னேன்.

உடனே மனநல டாக்டர பாருங்கன்னு சொன்னாங்க. என்னை அனுப்புற லெட்டர் நேரா அங்க போயிடும்னும் சொன்னாங்க. இங்கதான் ஏமாந்தேன். குறிச்ச நாள்ல லீவு போட்டு ரெண்டு பஸ் மாறிப் போனா கவுன்ட்டர்ல இருந்தவர் நிமிர்ந்துகூட பார்க்காம "லெட்டர் வரல, லெட்டர் இல்லாம டோக்கன் கிடையாதும்மா"ன்னுட்டார். போன் பண்ணி கேளுங்கன்னேன், "அது எங்க வேலை இல்ல". பின்னாடி நாலஞ்சு பேர் நிக்கிறாங்க, எதுக்கு வந்திருக்கேன்னு எல்லார் முன்னாடியும் ரெண்டு தடவ சத்தமா சொல்ல வேண்டியதாப் போச்சு. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு. திரும்பி வரும்போது பஸ்ல நெஞ்ச பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

ரெண்டாவது தடவ லெட்டர நானே கேட்டு கையில வாங்கினேன், அதோட ஃபோட்டோ, பழைய மாத்திரைச் சீட்டு, எல்லா ரிப்போர்ட்டும் ஒரு ஃபைல்ல. அப்படியும் ஒண்ணு குறைஞ்சுது, தைராய்டு ரிப்போர்ட் எடுத்து ஆறு மாசம் ஆயிருந்துச்சு. தைராய்டு கூடினாலும் இதே மாதிரி படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும், அது இல்லைன்னு உறுதி பண்ணாம மாத்திரை எழுத மாட்டேன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. நல்ல வேளையா அங்கயே ரத்தம் எடுத்தாங்க, நார்மல். போறவங்க தைராய்டு, ஹீமோகுளோபின் ரெண்டும் புதுசா எடுத்துட்டுப் போங்க, ஒரு அலைச்சல் மிச்சம்.

அந்தம்மா முக்கால் மணி நேரம் கேட்டாங்க. முன்னாடி பதட்டமோ மனச்சோர்வோ இருந்துச்சா, வீட்டுல வேற யாருக்காவது இருக்கா, கரு கலைஞ்சிருக்கா, குழந்தைக்காக சிகிச்சை எடுத்தீங்களா, இது எதிர்பார்த்த கர்ப்பமா, வீட்டுல துணையா யார் இருக்காங்க, யாராவது அடிக்கிறாங்களா மிரட்டுறாங்களா, பணக் கஷ்டம் உண்டா, சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா, இந்த கர்ப்பத்துல சிக்கல் ஏதாவது சொன்னாங்களா, மாத்திரைய திடீர்னு நிறுத்தினீங்களா. இதெல்லாம் பதட்டம் வர வாய்ப்ப கூட்டுற விஷயங்கள், இருந்தா வந்தே தீரும்னு இல்ல, இல்லாதவங்களுக்கும் வரலாம், ஆனா ஒண்ணுக்கு மேல சேரச் சேர கவனமா பார்க்கணும்னாங்க. எனக்கு நாலு இருந்துச்சு. பழைய பதட்டம், எங்கம்மாவுக்கும் இருந்தது, கலைஞ்ச கர்ப்பம், சட்டுனு நிறுத்தின மாத்திரை. நாலும் முதல் நாளே என் கையில இருந்த விஷயம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல, தனியா வச்சு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

மாத்திரைய குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிச்சாங்க. பேர் இங்க எழுதல, ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பத்துல கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கு, கொடுக்கக் கூடாததும் இருக்கு, அத டாக்டர்தான் எடை போடணும், என்ன மாதிரி நீங்களா நிறுத்திடாதீங்க, சட்டுனு விட்டா தலைசுத்தல், தூக்கமின்மையோட பழைய பதட்டமும் திரும்ப வரலாம். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆச்சு. கூடவே வாராவாரம் கவுன்சிலிங். பாத்ரூம்ல பார்க்கணும்னு தோணும்போது பத்து நிமிஷம் தள்ளிப் போடுன்னு பழக்குனாங்க. முதல் நாள் கடிகாரத்த பார்த்துக்கிட்டே வாசல்ல நின்னேன், ஆறு நிமிஷம்தான் தாங்குச்சு. இப்ப அந்த நினைப்பே வராம பாதி நாள் போகுது. ஆனா ஒண்ணு, ரத்தக்கசிவு இருந்தாலோ குழந்தையோட அசைவு குறைஞ்ச மாதிரி தோணினாலோ தள்ளிப்போடவே கூடாது, பதட்டமா இருக்கும்னு நினைச்சு வீட்டுல உட்காராம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும், இத அவங்களே ரெண்டு தடவ அழுத்திச் சொன்னாங்க.

இன்னொரு தாளும் குடுப்பாங்க, மனச்சோர்வு இருக்கான்னு பார்க்குற எடின்பரோ கேள்வித்தாள்னு பத்து கேள்வி. பத்தாவது கேள்வி நம்மள நாமே காயப்படுத்திக்கிற எண்ணம் வந்துச்சான்னு. அதுல பொய் எழுதாதீங்க. நான் பேனாவ வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் "எப்பவாவது"ன்னு டிக் போட்டேன். பயந்த மாதிரி யாரும் திட்டல, குழந்தைய பிரிக்கவும் போறதில்ல, உட்கார வச்சு பேசினாங்க, ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் குடுத்தாங்க. வீட்டுக்காரர்கிட்டயும் அன்னிக்குத்தான் முழுசா சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, மறுநாள்ல இருந்து மாத்திரை டப்பாவ தண்ணி பாட்டில் பக்கத்துல எடுத்து வைக்கிறார்.

போன மாசம் அந்த ஏழு கேள்விக்கு 6 வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறமும் மாத்திரைய நிறுத்தாம பார்க்கணும்னு என் கார்டுல சிவப்பு மையில எழுதி வாங்கிட்டேன், லேபர் வார்டுல யார் டியூட்டில இருந்தாலும் கண்ணுல படுற மாதிரி முதல் பக்கத்துலயே.